கரை ரோடா, பஸ் ரோடா? சைக்கிளில் வருகிறவர்களுக்கு



போன இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி தேனீ பற்றி எழுதியிருந்தான். நன்றாக இருந்தது. இந்த முறை நான் சைக்கிள் பற்றி எழுதுகிறேன். சைக்கிளை யார் கண்டுபிடித்தார்கள் என்று எழுதப் போவதில்லை, அது புத்தகத்திலேயே இருக்கிறது. எந்த ரோட்டில் ஓட்டணும் என்பதுதான் என் கட்டுரை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கம் மாதிரி சைக்கிள் ஓட்டத் தோதான இடம் வேறு எங்கேயும் கிடையாது என்பது என் கருத்து. ஏன் என்றால் இது டெல்டா. காவிரி ஆயிரக்கணக்கான வருஷமாக வண்டல் கொண்டுவந்து கொட்டிப் பரப்பிய மண். திருச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கும்பகோணம் சுமார் 25 மீட்டர். நடுவில் ரோட்டு வழி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு அடிதான் இறக்கம்! அது நம் காலுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தண்ணீருக்குத் தெரிகிறது. அதனால்தான் மோட்டார் இல்லாமல் வாய்க்காலில் தானாகப் பாய்கிறது.

நம்ம பக்கம் ஏற்றம் என்றால் அது பாலம் மட்டும்தான். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து ஆறு, ஐந்து பாலம். அந்த ஐந்து இடத்தில் எழுந்து நின்று மிதிக்கணும், அவ்வளவுதான். (கியர் சைக்கிள் கேட்டு வீட்டில் அடம் பிடிக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.)

அடுத்தது கரை. ஆற்றுக் கரை வயலைவிட மேடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் வந்தால் ஊருக்குள் வராமல் இருக்க மண் போட்டு உயர்த்தியது. 1924-ல் காவிரியில் பெரிய வெள்ளம் வந்தது என்று பெரியவர்கள் இன்னமும் அவர்கள் தாத்தா சொன்னதாகச் சொல்லுவார்கள். உடைப்பு எடுக்கிறதா என்று பார்க்கவும், மதகு திறக்கவும் ஆள் போய் வரணும் இல்லையா, அதற்குத்தான் கரைமேல் வழி. லஸ்கர் சைக்கிளில் போவாரே, அந்த வழி. அப்புறம்தான் மற்றவர்கள் போக ஆரம்பித்து, சில இடத்தில் தார் போட்டு, சில இடத்தில் கப்பியோடு நின்று, சில இடத்தில் வெறும் மண்ணாகவே இருக்கிறது.

கரைமேல் ஓட்டினால் ஒரு பக்கம் ஆறு, அடுத்த பக்கம் கீழே வயல். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் படுகையில் வாழை, கரும்பு, சில இடத்தில் வெற்றிலைக் கொடிக்கால். புளியமரம், நாவல்மரம் நிழல் இருக்கும். ஹாரன் சத்தம் கிடையாது. நேராகப் போகாது, ஆறு வளைகிற மாதிரியெல்லாம் ரோடும் வளையும். அதனால் தூரம் கொஞ்சம் கூடுதல்.

விடுமுறையில் தூரமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு: மேற்கே கல்லணை. நான் மாமாவோடு போயிருக்கிறேன். கரிகால் சோழன் கட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது. இதில் புது ஆறு ஆறே இல்லை, வெட்டிய கால்வாய். மேட்டூர் அணை முடிந்த அதே 1934-ல் முடிந்தது. கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி ஏறக்குறைய 15 கிலோமீட்டர், அங்கிருந்து திருவையாறும் அதே மாதிரி ஏறக்குறைய 15. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிகிறது. அதற்குப் பிறகு காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில் ஓட்டிக்கொண்டு வரலாம். திருவையாற்றுக்குக் கிழக்கே கணபதி அக்ரகாரம், உமையாள்புரம், கபிஸ்தலம் என்று போகிறது. தியாகராஜர் ஆராதனை நடக்கிற சமயம் திருவையாற்றில் சைக்கிளை நிறுத்தக்கூட இடம் கிடைக்காது, அப்போது போகாதீர்கள்.

காற்றைப் பார்த்துப் போகணும். ஆடி மாதம் மேல்காற்று. கிழக்கே போனால் மிதிக்காமலே தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வரும்போது உயிர் போகும். அதனால் முதலில் காற்றை எதிர்த்து மேற்கே போய்விட்டு, களைப்பாக இருக்கும்போது காற்றோடு திரும்புவதுதான் புத்திசாலித்தனம். என் கெட்ட நேரம், நம்ம பள்ளிக்கூடம் என் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

என்னோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையை ஐப்பசி மாதம் பஸ் ரோட்டில் ஒரு லாரி உரசிவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். கை எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகு அவளைச் சைக்கிளில் விடவில்லை. பஸ்ஸில் காசு இல்லை என்பது சரிதான், ஆனால் அது வருகிற நேரத்துக்கும் நம்ம மணி அடிக்கிற நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வாரத்தில் இரண்டு நாள் முதல் பீரியட் போய்விடும். இப்போது கை சரியாகிவிட்டது, சைக்கிள் மட்டும் திண்ணையில் காற்று இறங்கி நிற்கிறது.

நான் அப்பாவிடம், "நாங்க ரெண்டு பேரும் கரை ரோட்டுல போறோம்பா, அங்க லாரி வராது" என்று கேட்டேன். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஆத்தோரம் ஆள் நடமாட்டம் இல்லாத வழி, பொம்பளப் புள்ளைங்க போகக் கூடாது."

பொங்கலுக்கு எங்கள் அம்மாச்சி வந்தார்கள். அம்மாச்சி ஊர் கந்தர்வகோட்டைப் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம். அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, ஷீலா ராணி சுங்கத் என்கிற கலெக்டர் அம்மா காலத்தில், எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்களாம். எங்கள் அம்மாச்சியும் 1992-ல் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பார்மேல் எங்கள் அம்மாவை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

அம்மாச்சி அப்பாவிடம், "மாப்ள, நீங்க சொல்றது நெசந்தான். ஆனா ஆள் இருக்கா இல்லையான்னு எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்மாச்சியும் நானும் எண்ணப் போனோம்.

எண்ணிய முறை இதுதான். என் சைக்கிள் 26 இஞ்ச். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கம்பியில் ஒரு சிவப்புத் துணி கட்டி, தள்ளிக்கொண்டே நான் சுற்றை எண்ணினேன். நூறு சுற்று ஆனால் 200 மீட்டர் சொச்சம். அதை அம்மாச்சி ஒரு கூப்பிடு தூரம் என்று வைத்துக்கொண்டார்கள். கத்திக் கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம். ஒவ்வொரு நூறுக்கும் ஒரு புளியங்கொட்டை. அந்தத் தூரத்துக்குள் யாராவது ஆள் இருந்தால் கொட்டை மடிக்குள், ஆள் இல்லை என்றால் கையில்.

பள்ளி வரும்போது மொத்தம் 24 கொட்டை. அதாவது கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். மடியில் 17, கையில் 7. மடியில் இருந்த 17-ம் யார் யார் என்றால், களை பறிக்கிற அக்காமார்கள், ஆடு ஓட்டுகிற தாத்தா, படித்துறையில் துணி துவைக்கிறவர்கள், வாழைக்கு முட்டுக் கொடுக்கிறவர்கள், டீக்கடை. பாதிப் பேருக்கு எங்கள் அப்பாவைத் தெரியும். கையில் இருந்த 7-ல் இரண்டு அங்கங்கே தனியாக வந்தது. மீதி 5 ஒரே இடத்தில், வரிசையாக. பெரிய மதகு தாண்டி சீமைக் கருவேலங்காடு இருக்கிறதே, அங்கே ஒரு கிலோமீட்டருக்கு ஈ காக்கை இல்லை.

ஒரு வாரம் கழித்து சாயந்திரம் பள்ளி விட்டுப் போகும்போது திரும்ப எண்ணினோம். மடியில் 20, கையில் 4. அந்த நாலும் அதே கருவேலங்காடுதான்.

அம்மாச்சி சொன்னார்கள்: "அமைதியான வழி வேற, ஆளில்லாத வழி வேறத்தா. இந்த ரோடு முச்சூடும் கெட்டதில்ல. அந்த ஒரு துண்டுதான் கெட்டது. அத வெட்டி எறிஞ்சுட்டு மீதிய ஓட்டு."

அப்படியே செய்தோம். மதகு வந்ததும் கரையை விட்டு இடது பக்கம் சரிவில் இறங்கி, தெருவுக்குள் புகுந்து, மாரியம்மன் கோயில் வழியாகச் சுற்றி, காடு தாண்டித் திரும்பக் கரையில் ஏறலாம். அரை கிலோமீட்டர் கூடும், நாலு நிமிஷம்தான். படத்தைப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பச்சைக் கோடு போகலாம், சிவப்புக் கோடு போகக் கூடாது. நீலம் ஆறு.

அப்பா படத்தைப் பார்த்தார், பிறகு ஒரு நாள் அவரே மொபெட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று பேராவது சேர்ந்து போகணும், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடணும் என்று சொல்லி ஒத்துக்கொண்டார். இப்போது நானும் பத்தாம் வகுப்பு அக்காவும் இருக்கிறோம், மூன்றாவது ஆள் தேவை. அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

வர நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். மாசி மாதம் ரோட்டில் நெல்லோ உளுந்தோ காயப் போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மேலே ஏற்றினால் சறுக்கும், திட்டும் விழும். கருவேல முள் டயரில் குத்தினால் அந்த இடத்திலேயே பிடுங்காதீர்கள், காற்று மொத்தமும் போய்விடும். முள்ளோடு மெதுவாகத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்கு வரவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் கரை வழுக்கும், அப்போது இந்த வழி வேண்டாம். மணல் லாரி ஓட ஆரம்பித்தாலும் வேண்டாம், கரை ரோடு அதற்கு அகலம் போதாது. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட முதல் வாரம் யாரும் படித்துறையில் இறங்க வேண்டாம். மேட்டூர் திறப்பது ஜூன் 12 என்று வழக்கம் இருந்தாலும் தேதி மாறும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை கடைசி ஆகிவிட்டது.

வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள் உங்கள் வழியை நீங்களே எண்ணிப் பாருங்கள். சக்கரத்தில் கட்டத் துணி என்னிடம் இருக்கிறது, புளியங்கொட்டை நீங்கள் கொண்டுவரவும். எண்ணி முடித்தால் படத்தில் உங்கள் வழியையும் வரைய இடம் விட்டிருக்கிறேன். கிழக்குப் பக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு