தங்கைக்குப் போன அஞ்சலட்டைகள்

எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா என்றதும் அப்பாவுக்கு அஞ்சி ஒடுங்கிய ஒரு மகன்தான் நினைவுக்கு வருகிறார். 1919இல் அப்பாவுக்கு அவர் எழுதி, கடைசிவரை அப்பாவின் கைக்குப் போய்ச் சேராத நீண்ட கடிதம் பதித்த சித்திரம் அது. பொய்யில்லை, ஆனால் பாதிதான். கடைக்குட்டித் தங்கை ஒட்லாவுக்கு எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களிலும் அஞ்சலட்டைகளிலும் வேறோர் ஆள் தெரிகிறார்: கேலி செய்கிறார், வீட்டு நடப்பு விசாரிக்கிறார், அட்டையில் படம் கிறுக்குகிறார், தன் அலுவலக மேலாளரிடம் பேசிவரத் தங்கையையே அனுப்புகிறார். காசநோய் தெரியவந்த 1917இல், சூராவ் கிராமத்தில் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த அவளிடம்தான் போய் மாதக்கணக்கில் தங்கினார். தங்கையிடம் காட்டும் முகமும் ஒரு வேடம்தானே என்று கேட்கலாம். அப்பாவிடம் காட்டிய முகத்துக்கும் அதே கேள்வி பொருந்தும்.

கடிதங்கள் உட்படத் தன் எழுத்துகள் எல்லாவற்றையும் எரிக்கச் சொன்ன காஃப்காவின் இந்தக் குடும்பக் காகிதங்களைக் காப்பகத்தில் வைப்பது முறையா? கனமான ஆட்சேபம்தான். ஆனால் அனுப்பிய கடிதம் பெற்றவருக்கும் உரியது. ஒட்லா அவற்றை எரிக்கவில்லை. 1943இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்ட அவளுடைய வாழ்வுக்கும் அவையே தடயம். 2011இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகமும் ஜெர்மனியின் மார்பாக் இலக்கியக் காப்பகமும் சேர்ந்து வாங்கியதால், அவை ஆளுக்கொன்றாகச் சிதறவில்லை.