இதய மேலறை நடுக்கமும் முதியோர் பக்கவாதத் தடுப்பும்

இதய மேலறை நடுக்கம் என்பது இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலையாகும். முதுமையில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. மேலறை சரிவரச் சுருங்காததால் இடது மேலறையின் பை போன்ற பகுதியில் குருதி தேங்கி உறைகிறது. அக்கட்டி மூளைத் தமனியை அடைத்தால் பக்கவாதம் ஏற்படும். இந்நோயாளர்களுக்குப் பக்கவாத இடர் ஏறத்தாழ 5 மடங்கு அதிகம்.

கண்டறிதல்

பலருக்கு அறிகுறி எதுவும் இராது. நாடித்துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஈசிஜி எடுத்து உறுதி செய்யலாம்.

தடுப்பு

குருதி உறைவெதிர்ப்பி மருந்துகளே முதன்மையான தடுப்புமுறை. இரத்தக்கசிவுக்கு அஞ்சி முதியோருக்கு வார்ஃபரினுக்குப் பதில் ஆஸ்பிரின் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 75 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடைய 973 பேரிடம் நடந்து, 2007 இல் வெளியான பாஃப்டா ஆய்வு இதை மாற்றியது. கடும் பக்கவாதம், மூளைக் குருதிக்கசிவு போன்றவை ஆண்டுக்கு ஆஸ்பிரின் பிரிவில் 3.8 விழுக்காடும் வார்ஃபரின் பிரிவில் 1.8 விழுக்காடும் ஏற்பட்டன. வார்ஃபரினால் பெருங்கசிவு கூடவில்லை.

வார்ஃபரின் எடுப்போருக்கு ஐஎன்ஆர் அளவு பொதுவாக 2 முதல் 3 வரை இருக்கவேண்டும்; இதற்கு அடிக்கடி குருதிச் சோதனை தேவை. டபிகட்ரான், அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கு அச்சோதனை தேவையில்லை. ஆனால் சிறுநீரகச் செயல்பாட்டைக் கவனிக்கவேண்டும். உயர் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் இன்றியமையாதது. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தினால் இடர் மீண்டும் கூடும்.