பீரோபோல் திறக்கும் கார்

பீரோவின் இரண்டு கதவுகளும் நடுவிலிருந்து பிரிந்து திறக்கும் அல்லவா? 1961-இல் ஃபோர்டு நிறுவனத்தின் லிங்கன் பிரிவிலிருந்து வந்த கான்டினென்டல் காரின் கதவுகளும் அப்படித்தான் திறக்கும். முன்கதவுக்குக் கீல் முன்பக்கம், பின்கதவுக்குக் கீல் பின்பக்கம். அழகுக்காகச் செய்த வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் காரணம் கால் இடித்ததுதான் என்கிறார்கள். மாதிரி வண்டியின் பின்னிருக்கையிலிருந்து இறங்கிய பொறியாளர்களின் பாதம் ஒவ்வொரு முறையும் கதவில் பட்டதாம். வண்டியை நீட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். அவர்கள் கதவைத் திருப்பி மாட்டினார்கள்.

நீட்ட மறுத்ததற்குப் பின்னால் ஒரு கசப்பான அனுபவம் இருந்தது. அதைச் சொல்ல முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சல் ஃபோர்டு, 1938-இல் ஐரோப்பா போய்த் திரும்பினார். அங்கே பார்த்ததுபோல் தாழ்வான, நீண்ட மூக்குள்ள வண்டி ஒன்று புளோரிடா விடுமுறைக்கு வேண்டும் என்று கேட்டார். வடிவமைப்பாளர் கிரெகரி, லிங்கன் ஜெஃபிர் காரின் வரைபடத்தை வைத்தே புதிய கோடுகளை இழுத்தார். அந்த ஒற்றை வண்டியைக் கண்ட நண்பர்கள் தங்களுக்கும் கேட்க, 1940 மாடலாகக் கான்டினென்டல் விற்பனைக்கு வந்தது. 12 சிலிண்டர் இன்ஜின், பின்னால் நிமிர்த்தி மாட்டிய ஸ்டெப்னி. 1951-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்த எட்டு கார்களில் இதுவும் ஒன்று. எட்சல் அதைப் பார்க்கவில்லை; 1943-லேயே, 49 வயதில், இறந்துபோனார்.

1958-இல் லிங்கன் வண்டிகள் 19 அடி நீளத்துக்கு வளர்ந்தன. சாய்ந்த முகப்பு விளக்குகள், திரும்பிய பக்கமெல்லாம் குரோமியம். பெருநஷ்டம். லிங்கன் பிரிவையே மூடிவிடலாமா என்று ஃபோர்டு நிறுவனத்தின் உயரதிகாரி ராபர்ட் மெக்னமாரா யோசித்த வேளையில், வடிவமைப்பாளர் எல்வுட் ஏங்கல் தண்டர்பேர்டு காருக்காகச் செய்திருந்த மாதிரி ஒன்று அவர் கண்ணில் பட்டது. இதை நான்கு கதவாக்க முடியுமா என்று கேட்டார். லிங்கன் பிழைத்தது.

புதிய வண்டி பழையதைவிட ஓரடிக்கு மேல் குட்டை. பக்கவாட்டில் ஒரு தட்டையான பரப்பு, அதன் மேல்விளிம்பில் ஒரே ஒரு குரோமியக் கோடு. இத்தனை அடக்கமாக ஓர் அமெரிக்க சொகுசு கார் அதற்குமுன் வந்ததில்லை என்பேன்.

அடக்கமெல்லாம் வெளித்தோற்றத்தில்தான். கூரை மடங்கும் வகையின் உள்ளே மின்கம்பிகள் பின்னிக் கிடக்கும். பொத்தானை அழுத்தினால் டிக்கி மூடி முன்பக்கமிருந்து எழும்பும். கூரை மடிந்து உள்ளே படுக்கும். மூடி மறுபடி சாத்திக்கொள்ளும். ஒரு வேலை முடிந்ததை ஒரு சுவிட்ச் உணர்ந்து சொன்னால்தான் அடுத்த மோட்டார் ஓடும். நடுவில் ஒன்று பழுதானால் கூரை அந்தரத்தில் நிற்கும். பின்கதவைத் திறந்தால் அதன் கண்ணாடி தானாகச் சற்று இறங்கும், ரப்பர் விளிம்பில் உரசாமலிருக்க. கீல் பின்னால் இருப்பதால், ஓடும்போது கதவு சரியாகச் சாத்தியிராவிட்டால் காற்றே அதைப் பிடித்து இழுத்துவிடும். அதற்காக டாஷ்போர்டில் ஓர் எச்சரிக்கை விளக்கு.

அமெரிக்க அதிபர் கென்னடி 1963 நவம்பர் 22 அன்று டல்லாசில் சுடப்பட்டது இந்த மாடலில்தான். ஒஹையோவில் ஒரு பட்டறை வெள்ளை மாளிகைக்காக நீட்டிக் கொடுத்த வண்டி அது. அதை யாரும் உடைத்துப்போடவில்லை. கவசமும் நிலையான கூரையும் பொருத்தி 1977 வரை ஓட்டினார்கள். இப்போது மிச்சிகனில், டியர்பார்னிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

எழுபதுகளில் கான்டினென்டல் மறுபடி 19 அடியைத் தாண்டியது. பிறகு எண்ணெய் நெருக்கடி அதைச் சுருக்கியது. 2002-இல் நின்று, 2017 மாடலாகத் திரும்பி, 2020-இல் விடைபெற்றது. அதற்குமுன், 80-ஆம் ஆண்டு நினைவாக, பீரோக் கதவுகளோடு 80 வண்டிகள் செய்தார்கள். அந்தக் கதவுகளுக்கு இடம் கொடுக்க இம்முறை வண்டியை 6 அங்குலம் நீட்டினார்கள்.