உங்களுக்குத் தெரியுமா? 50 தோல்விக்குப் பின் ஒரு வெற்றி!
அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரில் இருக்கிறது மெக்கலஸ்டர் கல்லூரி. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1961-இல் பட்டம் பெற்றது இங்கேதான். படிப்பில் கெட்டி, ஆனால் அதன் அமெரிக்கக் கால்பந்து அணி (நம்மூர் ஃபுட்பால் அல்ல, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் முரட்டு ஆட்டம்) 1974 முதல் 1980 வரை தொடர்ச்சியாக 50 ஆட்டங்களில் மண்ணைக் கவ்வியது! 1977தான் படுமோசம். அந்த ஆண்டு எதிரணிகள் குவித்தவை 532 புள்ளிகள். இவர்கள் எடுத்தவை வெறும் 39. கன்கார்டியா கல்லூரி அணியிடம் மட்டும் 97-6 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் ஆடுவதை விடவில்லை. 1980 செப்டம்பரில் மவுண்ட் செனாரியோ கல்லூரியுடன் மோதிய ஆட்டம் முடிய 11 விநாடிகளே மிச்சம். மெக்கலஸ்டர் வீரர் உதைத்த பந்து இரு கம்பங்களுக்கு நடுவே பறந்தது, மூன்று புள்ளிகள். 17-14 என வென்றது மெக்கலஸ்டர்.