கருமுட்டையின் வயதை மாத்திரை குறைக்காது

முப்பத்தைந்தைக் கடந்தும் குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களைக் குறிவைத்து, 'கருமுட்டையின் தரத்தை உயர்த்தும்' என்று ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரைகள் விற்கப்படுகின்றன. பணம் கட்டும் முன் உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பையில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பிறகு அவை குறைந்துகொண்டேதான் போகும். 35 வயதுக்குப் பின் எண்ணிக்கையோடு தரமும் வேகமாகச் சரியும். குரோமோசோம் பிழைகள் பெருகுவதால் கருச்சிதைவும் கூடும்.

ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் இதற்கு ஒரு காரணம்தான். வயதான எலிகளுக்குக் கோஎன்சைம் கியூ10 என்ற ஆன்டி-ஆக்ஸிடன்ட் பலன் தந்ததும் உண்மை. ஆனால் ஆன்டி-ஆக்ஸிடன்ட்கள் குறித்த 63 சோதனைகளையும் 7,760 பெண்களையும் அலசிய 2020-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு, பலன் இருக்கலாம் என்பதற்கான சான்றுகள் மிகப் பலவீனமானவை என்றே கூறியது.

என்ன ஆபத்து?

பல மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினால் வைட்டமின் ஏ அளவு மீறலாம். ரெட்டினால் வடிவில் நாளொன்றுக்கு 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவுக்குப் பிறவிக் குறை வரக்கூடும். அதைவிடப் பெரிய இழப்பு, மாத்திரையை நம்பிக் கழியும் மாதங்கள்.

என்ன செய்யலாம்?

35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். 35-ஐக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலும், 40-ஐக் கடந்தவர்கள் உடனேயும் பார்க்க வேண்டும். கணவருக்கும் விந்தணுப் பரிசோதனை கட்டாயம். கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுப்பது, குழந்தையின் நரம்புக்குழாய்க் குறைகளைத் தடுக்கும் என்பது நிரூபணமானது. அதை நிறுத்த வேண்டாம்.

சட்டம் உங்கள் பக்கம்

பெண்களின் மலட்டுத்தன்மையைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சத்து மாத்திரைகள் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ரசீது, மாத்திரை அட்டை, விளம்பரத்தின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.

குழந்தை இல்லை என்ற வேதனையை யாரும் வியாபாரமாக்க விடாதீர்கள். மாத்திரைக்கு முன் பரிசோதனை, அதையும் தள்ளிப்போடாதீர்கள்.