மருத்துவம் பயில விழைவோரும் சமூக ஊடகமும்

சொல்லுக்கு முன் அவையை அறிதல் வேண்டும் என்பது தமிழர் கண்ட நெறி. வள்ளுவப் பெருந்தகை 'அவை அறிதல்' எனத் தனி அதிகாரமே வகுத்தார். அன்றைய அவை கண்ணுக்குத் தெரிந்த அவை. அதில் அமர்ந்திருப்போர் யார் என்பதைப் பேசுவோன் அறிவான். இன்று வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், டெலிகிராம் என விரிந்துள்ள அவையோ கண்ணுக்குத் தெரியாத அவை. அங்கு இன்று சொன்னதைப் பத்தாண்டு கழித்தும் ஒருவர் எடுத்துப் படிக்கலாம். மருத்துவக் கல்வியை நாடும் மாணவ மாணவியர் இவ்வவையில் எங்ஙனம் ஒழுக வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்துதல் கடமையாகும். தமிழகத்தில் மருத்துவ இடங்கள் நீட் தேர்வின் மதிப்பெண், தரவரிசை, இடஒதுக்கீடு ஆகியவற்றின் அடிப்படையில் கலந்தாய்வின் வழியே நிரப்பப்படுகின்றன. 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் அளிக்கப்பட்ட 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் இதில் அடங்கும். மாணவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்து இங்கு இடம் தருவதுமில்லை, மறுப்பதுமில்லை. அங்ஙனமாயின் கவலை எதற்கு என்று கேட்கலாம். மூன்று காரணங்கள் உள.

முதலாவது, ஏமாற்றம். தேர்வு முடிவு வந்த அன்றே மதிப்பெண் அட்டையைப் படமெடுத்து உறவினர் குழுக்களில் பரப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. விண்ணப்ப எண், பிறந்த நாள், பெற்றோர் பெயர், ஒளிப்படம் ஆகிய யாவும் அதில் உள்ளன. மகிழ்ச்சியால் செய்யப்படும் இச்செயலே இடைத்தரகர்க்கு முகவரியாய் அமைந்துவிடுகிறது. "இவ்வளவு மதிப்பெண்ணுக்கு இன்ன கல்லூரியில் இடம் உறுதி, முன்பணம் அனுப்புக" என்னும் அழைப்பு, சரியான விவரங்களுடன் வரும்போது, பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கலங்கும் தந்தை நம்பிவிடுகிறார். 2025ஆம் ஆண்டு நீட் தேர்வுக்கு முன்னர், வினாத்தாள் கிடைக்கும் எனப் பொய் பரப்பிய 106 டெலிகிராம் தளங்களையும் 16 இன்ஸ்டாகிராம் தளங்களையும் தேசியத் தேர்வு முகமை கண்டறிந்தது என்பதே இவ்வணிகத்தின் அளவைக் காட்டும். அத்தகைய குழுவில் வேடிக்கை பார்க்கச் சேருவதும் தகாது.

இரண்டாவது, அயல்நாட்டு வாய்ப்பு. நேர்காணல் வைத்துச் சேர்க்கும் நாடுகளில் நன்னடத்தையும் தகுதியாகக் கருதப்படும். 2017இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம், ஃபேஸ்புக்கின் தனிக்குழு ஒன்றில் இழிவான பதிவுகளைப் பகிர்ந்த குறைந்தது பத்து மாணவர்க்கு, வழங்கிய அனுமதியையே திரும்பப் பெற்றது. அது மருத்துவக் கல்வி பற்றிய நிகழ்வன்று. எனினும் 'தனிக்குழுதானே' என்னும் நினைப்பு பயன்படாது என்பதற்கு அது தக்க சான்றாகும்.

மூன்றாவதே தலையாயது, அது மருத்துவத்தின் இயல்பைச் சார்ந்தது. நம் திருவல்லிக்கேணியிலேயே இதற்குச் சான்று உண்டு. மக்கள் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை 1885இல் தோன்றியது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லிப் அம்மையாரின் முயற்சியால் அது உருவாயிற்று. ஆண் மருத்துவர் முன் வரத் தயங்கிய பெண்கள், தம் மறைவு காக்கப்படும் என்னும் நம்பிக்கையோடு அங்கு வந்தனர். நோயாளியின் மறைவு மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மருத்துவர்க்கான 2002ஆம் ஆண்டின் ஒழுக்க விதிகளும், நோயாளியின் இரகசியத்தை வெளியிடுவதையும், அடையாளம் தெரியும்படி ஒப்புதலின்றிப் படம் வெளியிடுவதையும் குற்றமாகவே கொள்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் சமூக ஊடக நெறிகளையும் சேர்த்துப் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதம் நிறுத்தி வைத்தது. பழைய விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. நண்பனின் இரகசியத்தைப் பதினேழு வயதில் காக்கப் பழகாத கை, நோயாளியின் இரகசியத்தை இருபத்தேழு வயதில் காக்கும் என்று எவ்வாறு நம்புவது?

இனிச் செய்யத்தக்கவை யாவை? முதலில் தம் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் பார்த்தல் வேண்டும். நம் சமுதாயத்தில் ஒரே பெயருடையோர் பலர். ஒருவர் பதிவு மற்றவர் தலையில் ஏறுவது எளிது. ஆதலின் சான்றிதழில் உள்ளவாறே முதலெழுத்துடன் பெயர் எழுதுதல் நன்று. பிறரை இழித்த பதிவுகளை நீக்குக. நீக்கியதும் எவரோ படமெடுத்து வைத்திருக்கக்கூடும் என்பதால், இனி எழுதாமலிருப்பதே உண்மையான நீக்கம். விண்ணப்பத்தில் கணினி மையத்தாரின் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தருதல் கூடாது. கடவு எண்கள் அங்கேயே சென்று சேரும். கலந்தாய்வுச் செய்திகளைத் தேர்வுக் குழுவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டுமே நம்புக. பணம் இழந்தோர் நாணத்தால் மறைக்காது, 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடுதல் வேண்டும். காலம் தாழ்த்தினால் பணத்தை மீட்பது அரிதாகும்.

அஞ்சி வாய்மூடிக் கிடக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. நாட்டு நடப்பைப் பற்றிக் கண்ணியமாகக் கருத்துரைப்பது குடிமக்களின் உரிமை. மார்க்கப் பற்றும் தமிழ்ப் பற்றும் மறைக்க வேண்டிய குறைகளல்ல. கருத்து வேறு, வசை வேறு. அந்த வேறுபாட்டை அறிந்தோர்க்கு எந்த அவையும் அச்சம் தராது.

சமுதாயப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெற்றி பெற்ற பிள்ளையை ஜமாஅத் குழுவில் பாராட்டுங்கள். மதிப்பெண் அட்டையை மட்டும் பரப்பாதீர்கள். மாணவியரின் ஒளிப்படத்தை அவர்தம் விருப்பமறியாது வெளியிடாதீர்கள். இடம் கிடைக்காத பிள்ளையின் பெயரை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். அப்பிள்ளையும் அதே குழுவில் இருந்து படித்துக் கொண்டிருக்கக்கூடும்.

பிறர் மறைவைக் காக்கும் பண்பு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பின் கற்றுக்கொள்ளும் பாடமன்று. விண்ணப்பிக்கும் நாளிலேயே கைவர வேண்டிய ஒழுக்கமாகும். அவ்வொழுக்கம் உடைய மருத்துவர்கள் நம் கல்விக்கூடங்களிலிருந்து பலராய்ப் புறப்பட வல்ல இறைவன் அருள்புரிவானாக.