எலும்புக்குச் சரி, உயிருக்கு?

எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு என்பது பல ஆய்வுகள் சொன்ன செய்தி. மாத்திரை கொடுத்து அதை நிரப்பினால் ஆயுள் கூடுமா? தான்சானியாவில் 4,000 பேரிடம் நடந்த சோதனை 'இல்லை' என்கிறது. ஆனாலும் இந்த வைட்டமினுக்கு ஒரு வேலை இருக்கிறது.

விலை மலிவு. வாரத்துக்கு ஒன்று விழுங்கினால் போதும். மருந்துக் கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். உடம்பு வலி, அசதி, முடி கொட்டுதல் என்று எதற்காகப் போனாலும் டாக்டரின் சீட்டில் கடைசி வரியாக இடம்பிடித்துவிடும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரை, இந்திய நடுத்தர வர்க்கத்தின் சர்வரோக நிவாரணி ஆகிவிட்டது. எலும்பில் தொடங்கிய அதன் புகழ் இதயம், புற்றுநோய், காசநோய் என்று பரவி எச்.ஐ.வி. வரை வந்து சேர்ந்தது.

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களிடம் இந்தப் பேச்சு எளிதில் எடுபடுகிறது. ஆயுள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டியவர்கள் அவர்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று யார் எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பதில் ஆச்சரியமில்லை. அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு நியாயமானது என்பதற்கு இப்போது தெளிவான பதில் இருக்கிறது. பாதி ஏமாற்றம், பாதி ஆறுதல்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986ல், அன்றைய மெட்ராஸில். டாக்டர் சுனிதி சாலமனின் குழு பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தபோது, தருவதற்கு மருந்து ஏதும் இல்லை. 2004 ஏப்ரலில் எட்டு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. 2017 முதல், எச்.ஐ.வி. இருப்பது உறுதியானாலே சிகிச்சை என்பது கொள்கையாயிற்று. இன்று நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இந்தக் கிருமியுடன் வாழ்கிறார்கள். சரியான நேரத்தில் மருந்தைத் தொடங்கி விடாமல் சாப்பிடுபவர், ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே முதுமையைப் பார்க்கலாம். பிழைப்பாரா என்ற கேள்வி போய், இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய எலும்பும் சிறுநீரகமும் இதயமும் எப்படி இருக்கும் என்ற கேள்வி வந்திருக்கிறது.

வைட்டமின் டி மீது விழுந்த நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. தோலைப் பாதிக்கும் ஒருவகைக் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க் டாக்டர் நீல்ஸ் ஃபின்சன் 1903ல் நோபல் பரிசு பெற்றார். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நோயாளிகளை வெயிலில் படுக்கவைப்பதே வைத்தியமாக இருந்தது. 2006ல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். காசநோய்க் கிருமியை விழுங்கும் ரத்த அணுக்கள், வைட்டமின் டியைப் பயன்படுத்தி 'கேதலிசிடின்' என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைத் தயாரிக்கின்றன; வைட்டமின் குறைந்தால் இந்தத் தயாரிப்பும் குறைகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்லும் நோய் காசநோய்தான். எனவே இந்தக் கண்டுபிடிப்பு பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது.

மக்களிடம் நடந்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. தான்சானியாவில் 1990களில் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளிடம் சேகரித்த ரத்தத்தைப் பின்னர் பரிசோதித்தபோது, வைட்டமின் டி குறைவாக இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கிருமி தொற்றும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தன. ஐரோப்பாவில் சுமார் 2,000 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2011ல் வெளியிட்ட ஆய்விலும், வைட்டமின் குறைந்தவர்களிடையே எய்ட்ஸ் முற்றுவதும் மரணமும் அதிகம். ஊட்டச்சத்துக் குறைவும் எச்.ஐ.வி.யும் கைகோத்து நிற்கும் ஏழை நாடுகளுக்கு, சில ரூபாய் மாத்திரை ஒன்று வரப்பிரசாதமாகத் தெரிந்தது.

ஆனால் இந்த ஆய்வுகளில் ஓர் ஓட்டை இருந்தது. நோய் முற்றியவர் வீட்டுக்குள்ளேயே கிடப்பார், வெயில் படாது. பசி இருக்காது, சாப்பாடு இறங்காது. உடலில் அழற்சி இருந்தாலே ரத்தத்தில் வைட்டமின் டி அளவு இறங்கிக் காட்டும். அப்படியானால் வைட்டமின் குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் வைட்டமின் குறைந்ததா? தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒரு பாதிப் பேருக்கு மாத்திரையும் மறுபாதிக்கு அதே தோற்றமுள்ள போலி மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது.

தான்சானியாவின் மிகப் பெரிய நகரமான தார் எஸ் சலாமில் அதைத்தான் செய்தார்கள். எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கும் 4,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் வைட்டமின் டி அளவு மில்லி லிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே. எல்லோருக்கும் எச்.ஐ.வி. மருந்து உண்டு. அதோடு ஒரு பாதிக்கு முதல் மாதம் வாரம் 50,000 யூனிட், பிறகு தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி. மறுபாதிக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஓராண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது இரு தரப்பிலும் மரணத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நுரையீரல் காசநோயிலும் இல்லை. 2020ல் 'லான்செட் எச்.ஐ.வி.' இதழில் முடிவுகள் வெளியாயின.

தாய்மார்கள் விஷயத்திலும் அதே கதை. எச்.ஐ.வி. உள்ள 2,300 கர்ப்பிணிகளிடம் அதே நாட்டில் நடந்து 2022ல் முடிவு வெளியான சோதனையில், பிரசவத்துக்குப் பிறகு ஓராண்டு வரை தினம் 3,000 யூனிட் கொடுத்தும் தாயின் நோய் முற்றுவதோ மரணமோ குறையவில்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையும், ஒரு வயதில் வளர்ச்சி குன்றியிருப்பதும் மாறவில்லை.

எச்.ஐ.வி. இல்லாதவர்களிடமும் இந்த வைட்டமின் இப்படித்தான் கைவிட்டிருக்கிறது. மங்கோலியாவில் 8,851 பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த சோதனையில் காசநோய்த் தொற்றை அது தடுக்கவில்லை. அமெரிக்காவில் 25,000க்கும் அதிகமானவர்களிடம் மாரடைப்பையோ புற்றுநோயையோ குறைக்கவில்லை. ரத்தத்தில் குறைந்து காணும் வைட்டமின் டி பெரும்பாலும் நோயின் நிழல். நிழலை நீட்டினால் ஆள் உயரமாவதில்லை.

இந்த முடிவில் ஏழை நாடுகளுக்குப் பாடம் இருக்கிறது. எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கியவர்களில் இறப்பு அதிகம் நிகழ்வது முதல் சில மாதங்களில். நோய் முற்றிய பிறகு, பல நேரம் உள்ளே காசநோயோடு, தாமதமாக மருத்துவமனைக்கு வருவதே முக்கியக் காரணம். இதற்கு மலிவான மாத்திரை இல்லாமலும் இல்லை. ஐவரி கோஸ்ட் நாட்டில் 2,056 பேரிடம் நடந்த சோதனையில், காசநோயைத் தடுக்க ஆறு மாதம் 'ஐசோனியாசிட்' மாத்திரை சாப்பிட்டவர்களிடையே பிற்கால மரணம் 37 சதவீதம் குறைந்தது. பல பத்தாண்டுகளாகப் புழங்கும் மருந்து அது. இந்திய எச்.ஐ.வி. திட்டத்திலும் இந்தத் தடுப்புச் சிகிச்சை உண்டு. வைட்டமின் மாத்திரையைத் தேடி வாங்குபவர், தனக்கு இது கிடைத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அதைவிடப் பயனுள்ளது.

அப்படியானால் வைட்டமின் டி வீணா? எலும்பைப் பொறுத்தவரை இல்லை.

எச்.ஐ.வி. எலும்பைப் பல வழிகளில் அரிக்கிறது. தொற்றினால் ஓயாமல் நீடிக்கும் அழற்சி, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. சிகிச்சை தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில், எந்தக் கூட்டு மருந்தானாலும், எலும்பின் அடர்த்தி 2 முதல் 6 சதவீதம் வரை குறைகிறது. பிறகு பெரும்பாலும் நிலைகொள்கிறது. இந்தியத் திட்டத்தில் பெரும்பாலோர் சாப்பிடும் மாத்திரையில் உள்ள 'டெனோஃபோவிர்' இந்த இழப்பில் சற்று முன்னே நிற்கிறது. சிலருக்கு அது சிறுநீரகக் குழாய்களைப் பாதித்து, எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். எலும்பு வலியும், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாத தொடைப் பலவீனமும் இதன் அறிகுறிகள். 2020 வாக்கில் 'டோலுடெகிராவிர்' அறிமுகமாகும்வரை கூட்டு மாத்திரையில் இருந்த 'எஃபாவிரென்ஸ்', வைட்டமின் டியைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டி அதன் அளவைக் குறைத்தது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும் இதே வேலையைச் செய்யக்கூடியது.

இந்த இடத்தில்தான் வைட்டமின் கைகொடுக்கிறது. டெனோஃபோவிரும் எஃபாவிரென்ஸும் அடங்கிய சிகிச்சையைத் தொடங்கிய 165 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2015ல் வெளியான சோதனையில், தினம் 4,000 யூனிட் வைட்டமின் டியும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் சாப்பிட்டவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி 48 வாரங்களில் சுமார் 1.5 சதவீதமே குறைந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 3.2 சதவீதம். இழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சோதனை சிறியது, ஓராண்டுக்குள் முடிந்தது. எலும்பு முறிவு குறைந்ததா என்று அது பார்க்கவில்லை. ஆனாலும் மாதவிடாய் நின்ற பெண்கள், ஐம்பதைத் தாண்டிய ஆண்கள், எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் வயதினர் ஆகியோரின் விஷயத்தில் டாக்டர்கள் கவனத்தில் கொள்ளவேண்டிய முடிவு.

வெயிலுக்குக் குறைவில்லாத இந்தியாவில் இந்தப் பற்றாக்குறை எப்படி வந்தது? டெல்லியில் ஆரோக்கியமானவர்களிடம் நடந்து 2000ல் வெளியான ஆய்வில், வெட்டவெளியில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்களைவிட டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் வைட்டமின் டி வெகு குறைவு. 2002ல் வந்த இன்னோர் ஆய்வில், புகை மண்டிய மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் அளவு, அன்று காற்று சுத்தமாக இருந்த குர்கான் பகுதிக் குழந்தைகளின் அளவில் பாதிகூட இல்லை. வைட்டமினைத் தயாரிக்கும் புற ஊதாக் கதிரைப் புகையும் கண்ணாடி ஜன்னலும் தடுக்கின்றன. கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை. காலை இளவெயில் நல்லது என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. திருப்பதியில் நடந்த ஆய்வின்படி வைட்டமின் அதிகம் உருவாவது காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை.

எச்.ஐ.வி. உள்ள பலருக்கு இதோடு இன்னொரு தடையும் உண்டு. அக்கம்பக்கத்தாரின் பார்வைக்குப் பயந்து வெளியே வருவதையே குறைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெயில் கிடைப்பதும் சமூகத்தின் கையில் இருக்கிறது.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதிலும் நிபுணர்கள் ஒத்துப்போவதில்லை. எலும்புக்கு 20 நானோகிராம் போதும் என்றது அமெரிக்க மருத்துவ நிறுவனம். 30 வேண்டும் என்றது அந்நாட்டு நாளமில்லாச் சுரப்பி டாக்டர்களின் சங்கம். 2024ல் அந்த இலக்கைக் கைவிட்டு, ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமான பரிசோதனையே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. பரிசோதனைத் தாளில் 'குறைவு' என்று அச்சானதாலேயே பதற வேண்டியதில்லை.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. தேவைக்கு மிஞ்சினால் உடலில் தங்கிவிடும். வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக்கொடுத்ததைத் தினம் ஒன்றாக விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மயக்கம், சிறுநீரகச் செயலிழப்பு வரை கொண்டுவிடும். டெனோஃபோவிர் சாப்பிடுபவர் ஏற்கனவே சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டியவர். அவருக்கு இந்த விளையாட்டு இன்னும் ஆபத்து.

அதைவிட அதிகம் பேர் கவனிக்கத் தவறுவது வேறொன்று. கடையில் விற்கும் பல எலும்புச் சத்து மாத்திரைகளில் வைட்டமின் டியோடு கால்சியமும் சேர்ந்திருக்கிறது. டோலுடெகிராவிர் அடங்கிய எச்.ஐ.வி. மாத்திரையோடு இதை வெறும் வயிற்றில் சாப்பிட்டால், கால்சியம் மருந்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. இரும்புச் சத்து மாத்திரையும் அப்படியே. கிருமியைக் கட்டிவைத்திருக்கும் மருந்தின் அளவு நாள்தோறும் ரத்தத்தில் குறையும். எலும்பைக் காப்பாற்றப் போய் உயிர்க் காவலைப் பலவீனப்படுத்திய கதையாகிவிடும். இதைத் தவிர்க்கச் செலவில்லை. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று சிகிச்சை மையத்தில் ஒருமுறை கேட்டால் போதும்.

*

கவனத்துக்கு

* எச்.ஐ.வி. மருந்துக்கு வைட்டமின் டி மாற்று இல்லை. ஒரு வேளை மருந்தைக்கூட அதை நம்பி விடக்கூடாது.

* கால்சியம் அல்லது இரும்புச் சத்து மாத்திரையை டோலுடெகிராவிர் மருந்தோடு சேர்த்துச் சாப்பிடுவதானால், இரண்டையும் உணவோடு சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிட்டு 2 மணி நேரத்துக்குப் பிறகோ, அதற்கு 6 மணி நேரம் முன்போ சத்து மாத்திரையைச் சாப்பிடலாம். அமிலத்தன்மைக்கான ஜெலுசில் போன்ற மருந்துகளுக்கு உணவோடு சாப்பிட்டாலும் இந்த இடைவெளி தேவை.

* இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி ஒருவருக்குத் தினசரித் தேவை 600 யூனிட். டாக்டர் மேற்பார்வையின்றி 4,000 யூனிட்டைத் தாண்டக்கூடாது.

* மீன், முட்டையின் மஞ்சள் கரு, வைட்டமின் சேர்த்த பால், எண்ணெய் ஆகியவற்றில் வைட்டமின் டி உண்டு. கால்சியத்துக்குக் கேழ்வரகு: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல்.

* எலும்பு வலி, எழுந்து நிற்பதில் சிரமம், சிறு தடுமாற்றத்திலேயே எலும்பு முறிவு: இவற்றில் எது வந்தாலும் தானாக மாத்திரை வாங்காமல் சிறுநீரக, பாஸ்பேட் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

* புகையும் மதுவும் எலும்புக்குப் பகை. நடையும் எடை தாங்கும் உடற்பயிற்சியும் நண்பர்கள்.